மூன்றாமவரின் துயரம்

தொழுகை அணியில் ஆண்டான் அடிமை இல்லை, செல்வர் வறியர் இல்லை என்று மேடைதோறும் பெருமிதத்தோடு பேசி வருகிறோம். பேச்சு பொய்யன்று. தோளோடு தோள் சேர நிற்கும் அவ்வணியில் எவரும் எவரையும் விலக்கி நிறுத்த இயலாது. ஆனால் இமாம் ஸலாம் கொடுத்து அணி கலைந்த பின், அதே பள்ளிவாசலின் பின்கட்டில், அதே மனிதர்கள் இறைவனுக்காகச் செய்யும் தொண்டில் வேறோர் அணி உருவாகிவிடுகிறது. அதற்கும் முதல் வரிசை உண்டு. கடைசி வரிசை உண்டு. முந்தி வந்தவர் முன்னே நிற்கலாம் என்னும் தொழுகையின் விதி மட்டும் அங்கே இல்லை. இந்த இரண்டாவது அணியைக் குறித்தே இக்கட்டுரையில் சிந்திக்க விழைகிறோம்.

ரமளான் மாதத்து நோன்புக் கஞ்சியை எடுத்துக்கொள்வோம். லுஹர் தொழுகைக்குப் பின் அடுப்பு மூட்டப்படுகிறது. தேக்சாவில் அரிசி வெந்து, அஸருக்குள் கஞ்சி தயாராகிவிடும். தூக்குவாளிகளோடு பெண்களும் சிறுவர்களும் வரிசையில் நிற்பார்கள். இப்பணியில் எத்தனை படிகள் உள்ளன என்பதை உற்று நோக்கியவர் அறிவர். உக்கிராண அறையின் சாவியை வைத்திருப்பவர் ஒருவர். இன்று யாருடைய உபயம் என்பதைக் கரும்பலகையில் எழுதுபவர் ஒருவர். ஒலிபெருக்கியில் அறிவிப்பவர் ஒருவர். அகப்பை பிடித்து ஊற்றுபவர் அவர்களுக்குக் கீழே. துடுப்புப் போட்டுக் கிளறுபவர் அவருக்கும் கீழே. எல்லோரும் நோன்பு திறந்து மஃரிபுக்குச் சென்ற பின், அடிப்பிடித்த தேக்சாவைச் சுரண்டிக் கழுவுபவர் எல்லோருக்கும் கீழே. இந்த ஏணியை யாரும் எந்தத் தீர்மானப் புத்தகத்திலும் எழுதி வைக்கவில்லை. ஆயினும் புதிதாகத் தொண்டு செய்ய வரும் இளைஞர் இரண்டே நாள்களில் அதைக் கற்றுக்கொண்டு விடுகிறார்.

ஒன்றைத் தொடக்கத்திலேயே தெளிவுபடுத்திவிட வேண்டும். நாம் இங்கே பேசுவது பள்ளிவாசல் பணத்தைக் கையாடும் கயவர்களைப் பற்றியன்று. அத்தகையோரைச் சாடுவது எளிது; சாடுவதற்கு ஆட்களும் உண்டு. நாம் பேசுவது, கணக்கில் ஒரு ரூபாய்கூடத் தவறவிடாத, தம் தொழிலையும் குடும்ப நேரத்தையும் விட்டுக்கொடுத்து உழைக்கின்ற நல்லவர்களைப் பற்றி. அவர்களிடையேதான் இந்த ஏணி நிற்கிறது. ஆகவேதான் இது கவலைக்குரியதாகிறது.

இந்நோய் புதிதன்று. இறையில்லத் தொண்டின் வரலாற்றில் இதுவே மிகப் பழைய நோய் என்றுகூடச் சொல்லலாம். மக்காவில் கஅபாவின் பணிகளை ஒழுங்குபடுத்தியவர் குறைஷியரின் முன்னோரான குஸய்யு இப்னு கிலாப். கஅபாவின் சாவியைக் காக்கும் ஹிஜாபா, ஹாஜிகளுக்குத் தண்ணீர் வழங்கும் ஸிகாயா, அவர்களுக்கு உணவளிக்கும் ரிஃபாதா, கொடியேந்தும் லிவா, ஆலோசனை மன்றமான நத்வா ஆகிய பொறுப்புகளை அவர் தம் மகன் அப்துத்தாரிடம் ஒப்படைத்தார். பின்னர் மற்றொரு மகனான அப்து மனாஃபின் மக்கள் தமக்கும் உரிமை உண்டென்று எழுந்தனர். குறைஷிக் குலமே இரண்டாகப் பிளந்தது. அப்து மனாஃபின் மக்களும் அவர்தம் அணியினரும் கஅபாவின் அருகே நறுமணக் கிண்ணம் ஒன்றை வைத்து, அதில் கைகளைத் தோய்த்து, அக்கைகளால் கஅபாவைத் தடவி உறுதிமொழி எடுத்தனர். நறுமணம் பூசியோர் என்னும் பொருளில் அவர்களுக்கு முதய்யபூன் என்று பெயர் வந்தது. எதிரணியினரும் கஅபாவின் அருகிலேயே சத்தியம் செய்து, அஹ்லாஃப் என அழைக்கப்பட்டனர். தண்ணீரும் உணவும் அப்து மனாஃபின் மக்களுக்கு, சாவியும் கொடியும் மன்றமும் அப்துத்தாரின் மக்களுக்கு என்று பாகம் பிரித்த பிறகே போர் தவிர்ந்தது. அல்லாஹ்வின் விருந்தினருக்குத் தண்ணீர் ஊற்றும் பணி, அண்ணன் தம்பி பாகப்பிரிவினைச் சொத்தாயிற்று.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு 35 வயதானபோது கஅபா புதுப்பிக்கப்பட்ட வரலாற்றை நாம் மீலாது மேடைகளில் கேட்டிருக்கிறோம். ஹஜருல் அஸ்வத் கல்லை அதன் இடத்தில் வைப்பது யார் என்று பிணக்கு மூண்டது. அண்ணலார் தம் மேலாடையை விரித்துக் கல்லை அதில் வைத்து, ஒவ்வொரு கோத்திரத்தாரையும் ஒரு புறம் பிடிக்கச் செய்து தூக்க வைத்தார்கள். இதன் முன்கதையை நாம் அதிகம் பேசுவதில்லை. அக்கட்டுமானத்திற்குத் தூய சம்பாத்தியம் மட்டுமே சேர வேண்டும், வட்டிப் பணமோ அநீதியாகப் பறித்த பணமோ சேரலாகாது என்று குறைஷியர் உறுதி பூண்டிருந்தனர். தூய பணம் போதாமற்போனதால் கட்டடத்தின் ஒரு பகுதியையே வெளியே விட்டுவிட்டனர். இன்றும் ஹிஜ்ர் என்னும் அரைவட்டப் பகுதியாக அது நிற்கிறது. பணத்தில் இத்துணைப் பேணுதல் காட்டிய அதே மக்கள்தாம், கல்லை வைக்கும் கௌரவத்திற்காக நான்கைந்து இரவுகள் முரண்டு நின்றனர். அப்துத்தாரின் மக்கள் இரத்தம் நிறைந்த கிண்ணத்தைக் கொண்டுவந்து, பனூ அதீ கோத்திரத்தாரோடு அதில் கைகளை நனைத்து, சாகும்வரை போரிடுவோம் என்று சத்தியம் செய்தனர். காசில் கறை படாமல் காத்தவர்களின் கைகளில் இரத்தக் கறை! கணக்குச் சுத்தமாக இருப்பதாலேயே தொண்டு சுத்தமாகிவிட்டது என்று நம்புவோர் இச்செய்தியைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்தப் பெருமிதத்தைத் திருக்குர்ஆன் நேருக்கு நேர் எதிர்கொண்டது. ஹாஜிகளுக்குத் தண்ணீர் புகட்டுவதையும் மஸ்ஜிதுல் ஹராமைப் பராமரிப்பதையும், இறைவனையும் இறுதி நாளையும் நம்பி அவன் பாதையில் அறப்போர் புரிவதற்கு நிகராக ஆக்கிவிட்டீர்களா என்ற கருத்தில் அது வினவுகிறது (9:19). இவ்வசனம் தொண்டைப் பழிக்கவில்லை. தொண்டு தகுதிச் சான்றாக நீட்டப்படுவதையே மறுக்கிறது.

அப்படியானால் பழைய தொண்டர்களையெல்லாம் அகற்றிவிட்டுப் புதியவர்களை அமர்த்துவதுதான் தீர்வா? அன்று. ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு மக்கா வெற்றியின்போது கஅபாவின் சாவி அண்ணலாரின் கைக்கு வந்தது. தண்ணீர் வழங்கும் உரிமையோடு சாவியையும் தம் குடும்பத்தாருக்குத் தர வேண்டும் என்ற கோரிக்கை நெருங்கிய உறவினரிடமிருந்தே எழுந்தது. அண்ணலாரோ அப்துத்தாரின் வழிவந்த உஸ்மான் இப்னு தல்ஹா (ரலி) அவர்களை அழைத்து, சாவியை அவரிடமே திருப்பிக் கொடுத்தார்கள். இன்றுவரை அக்குடும்பத்தாரிடமே சாவி இருந்து வருகிறது. அறியாமைக்கால உரிமைகளும் பெருமைகளும் தம் பாதங்களின் கீழ் என்று அன்று அறிவித்தபோது, அண்ணலார் விட்டுவைத்தவை கஅபாவின் பராமரிப்பும் ஹாஜிகளுக்குத் தண்ணீர் வழங்குவதும் ஆகிய இரண்டு பணிகளே. ஆக, பணியின் தொடர்ச்சியை மார்க்கம் மதிக்கிறது. அனுபவத்தை மதிக்கிறது. அது ஏற்காதது, பணி படித்தரமாக மாறுவதை மட்டுமே.

இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை எங்ஙனம் அறிவது? ஸஹீஹுல் புகாரியில் இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சி வழிகாட்டுகிறது. அண்ணலார் ஹாஜிகளுக்குத் தண்ணீர் வழங்கும் இடத்திற்கு வந்து குடிக்கக் கேட்டார்கள். பொறுப்பாளரான அப்பாஸ் (ரலி) தம் மகன் ஃபழ்லை அழைத்து, வீட்டிலிருந்து தனியாகப் பானம் கொண்டுவரச் சொன்னார்கள். அண்ணலார் அதனை மறுத்து, இதிலிருந்தே தாருங்கள் என்றார்கள். மக்கள் இதில் கைகளை இடுகிறார்களே என்று அப்பாஸ் (ரலி) தயங்கியபோதும், அதையே வாங்கி அருந்தினார்கள். பின்பு ஸம்ஸம் கிணற்றில் நீர் இறைத்துக்கொண்டிருந்தவர்களிடம் சென்று, நீங்கள் நற்செயலில் இருக்கிறீர்கள் என்று ஊக்கப்படுத்தினார்கள். மக்கள் உங்களை நெருக்கி அப்பணியைப் பறித்துக்கொள்வார்கள் என்ற அச்சமில்லாவிட்டால், நானும் இறங்கி இக்கயிற்றைத் தோளில் போட்டுக்கொள்வேன் என்ற கருத்தில் பேசினார்கள்.

இந்நிகழ்ச்சியில் இரண்டு செய்திகள் உள்ளன. பொறுப்பாளரின் அன்பான தனிக்கவனிப்பை அண்ணலார் ஏற்கவில்லை; எல்லோரும் கையிட்ட பாத்திரத்திலிருந்தே பருகினார்கள். அதே வேளையில், நீர் இறைப்பவரின் இடம் பறிபோகாதவாறும் பார்த்துக்கொண்டார்கள். முக்கியமானவருக்கு வேறு பாத்திரம் இல்லை. எளியவருக்கு இடமில்லாமலும் போகவில்லை. தொண்டு தொண்டாக இருக்கிறதா, அந்தஸ்தாக மாறிவிட்டதா என்று உரசிப் பார்க்க இதைவிடச் சிறந்த உரைகல் நமக்குத் தேவையில்லை.

இனி உட்குழுக்களுக்கு வருவோம். ஏணியின் மேற்படிகளில் நிற்பவர்கள் தனியே கூடி முடிவெடுப்பதிலிருந்தே உட்குழு பிறக்கிறது. இத்தகைய தனிப்பேச்சுக்குத் திருக்குர்ஆன் பயன்படுத்தும் சொல் நஜ்வா. அச்சொல்லின் வேரை இமாம் ராகிப் அல்இஸ்ஃபஹானி தம் அல்முஃப்ரதாத் அகராதியில் ஆராய்கிறார். நஜ்வத் என்றால் சுற்றுப்புறத்திலிருந்து பிரிந்து உயர்ந்து நிற்கும் மேட்டு நிலம். ஒருவரைத் தனியே மேட்டில் அழைத்துச்சென்று பேசுவது என்பதே இரகசியப் பேச்சைக் குறிக்கும் வினையின் மூலப்பொருள் என்கிறார் அவர். குழுவாகப் பிரிவதும் உயர்ந்து நிற்பதும் ஒரே வேரில் அடங்கிக் கிடக்கின்றன. மேட்டில் ஏறியவர்கள் தாழ்நிலத்தில் நிற்பவரைத் திட்ட வேண்டியதில்லை, தள்ள வேண்டியதில்லை. ஏறி நின்று பேசினாலே போதும். அவர் கீழே இருப்பவராகிவிடுகிறார்.

நம்பிக்கையாளர்களைத் துயரப்படுத்தவே ஷைத்தான் இத்தகைய நஜ்வாவைத் தூண்டுகிறான் என்று கூறுகிறது மறை (58:10). மூவர் இருக்கையில் ஒருவரை விட்டுவிட்டு இருவர் இரகசியம் பேசலாகாது, அது அவரைத் துயரத்தில் ஆழ்த்தும் என்று நபிமொழி தடை செய்கிறது. அந்த இருவர் என்ன பேசினார்கள் என்று நபிமொழி கேட்கவில்லை. புறம் பேசினார்களா, நல்லது பேசினார்களா என்ற விசாரணை அங்கே இல்லை. மூன்றாமவரின் துயரம் ஒன்றே தடைக்குப் போதிய காரணம் ஆகிறது. விலக்கப்பட்ட ஒரு மனிதனின் மனவருத்தத்தைச் சட்டத்தின் காரணமாகவே வைத்த மார்க்கம் நம்முடையது.

தர்மத்தையும் நன்மையையும் மக்களிடையே சமாதானத்தையும் குறித்துப் பேசும் தனிப்பேச்சுக்கு விலக்கு உண்டே என்று சிலர் வாதிடலாம். உண்மைதான், அன்னிஸா அத்தியாயம் (4:114) அவ்விலக்கைத் தருகிறது. ஏழைக் குமருக்கு உதவுவதையும், கடன்பட்டவரின் மானத்தைக் காப்பதையும் ஊரறியப் பேச முடியாது. ஆனால் அவ்விலக்கு உதவி பெறுவோரின் மானத்தைக் காக்கவே உதவும். உதவி செய்வோரின் இடத்தைக் காப்பதற்கு அதைப் பயன்படுத்துவது, அனுமதியின் பெயரால் தடையை மீறுவதாகும்.

இந்நபிமொழியை நாம் ஆண்டுதோறும் வகுப்பறையில் பாடம் நடத்துகிறோம். தடை செய்யும் இவ்வினைச்சொல் சில அறிவிப்புகளில் செய்தி கூறும் வடிவில் வந்துள்ளதேன், அது எங்ஙனம் விலக்கலின் பொருளைத் தருகிறது என்று மாணவர்களிடம் வினவுகிறோம். சரியாக இஃராப் சொன்னவருக்கு முழு மதிப்பெண் தருகிறோம். அந்த மூன்றாமவர் யார் என்று ஒருமுறையேனும் கேட்டதில்லை. நாமே அவரைப் பார்த்தும் அடையாளம் காணாமல் நின்ற ஒரு நிகழ்ச்சியை இங்கே சொல்லியாக வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்புவரை, ஒரு மஹல்லாப் பள்ளிவாசலில் ரமளான் தோறும் தராவீஹுக்குப் பின் உரையாற்றி வந்தோம். அங்கே தேக்சா கழுவும் இளைஞர் ஒருவர் இருந்தார். பகலெல்லாம் சுமை ஏற்றி இறக்கும் வேலை. நோன்பு திறந்ததும் தேக்சாவின் முன் அமர்ந்துவிடுவார். ஓர் ஆண்டு அவரைக் காணோம். எங்கே அவர் என்று கேட்டோம். பக்கத்தில் இருந்தவர் சிரித்துக்கொண்டே, “அவரு இப்ப வர்றதில்லீங்க, ஹஜ்ரத்” என்றார். அப்படியா என்று கேட்டுக்கொண்டு உரைக்குக் குறிப்பெடுக்கத் தொடங்கினோம்.

பின்னொரு நாள் வேறொரு பள்ளிவாசலின் கடைசி வரிசையில் அவரைக் கண்டோம். “ஏன் தம்பி, அங்கே ஏதேனும் மனக்கசப்பா?” என்று வினவினோம். தயங்கித் தயங்கிச் சொன்னார். கஞ்சி ஊற்றத் தொடங்குமுன் முக்கியஸ்தர் வீடுகளுக்கு வாளி வாளியாகப் போய்விடுகிறது, வரிசையின் கடைசியில் நிற்கும் பெண்களுக்கு அடிக்கஞ்சிதான் மிஞ்சுகிறது என்று ஒரு கூட்டத்தில் சொன்னாராம். யாரும் கோபப்படவில்லை, யோசிப்போம் என்றார்களாம். அதன் பிறகு கூட்டம் எப்போது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவருடைய வேலை வேறொருவருக்கு ஒதுக்கப்பட்டதையும் அவர் நேரில் போய்த்தான் அறிந்துகொண்டார். “என்னை யாரும் ஒண்ணும் சொல்லல, ஹஜ்ரத். சொல்லாம விட்டுட்டாங்க, அவ்வளவுதான்” என்றார்.

அவர் சொல்லாமல் விட்ட ஒன்றும் இருந்தது. வரிசைக்கு முன்னரே வெளியேறிய அந்தத் தூக்குவாளிகளில் ஒன்று, நாம் தங்கியிருந்த அறைக்கு வந்தது. இஞ்சி மணக்க, மேலே நெய் மிதக்க வரும் அந்தக் கஞ்சியை ஆண்டுதோறும் துஆச் செய்து அருந்தியிருக்கிறோம். பொதுப்பாத்திரத்தில் பருகிய நபியின் வரலாற்றை இரவில் சொன்ன நாவு, மாலையில் தனிப்பாத்திரத்தில் சுவை கண்ட நாவுதான்.

மஸ்ஜிதுந் நபவியைப் பெருக்கி வந்த கறுப்பினப் பெண்மணியின் வரலாறு அன்று நெஞ்சைச் சுட்டது. அவரைக் காணாத அண்ணலார், எங்கே என்று கேட்டார்கள். இறந்துவிட்டார் என்றனர். அவருடைய காரியத்தைச் சிறியதெனக் கருதியதால் தோழர்கள் அதைத் தெரிவிக்காமல் விட்டிருந்தனர். எனக்கு அறிவித்திருக்கக் கூடாதா என்று கடிந்து, கப்ரைக் காட்டச் சொல்லி, அங்கே சென்று தொழுகை நடத்தினார்கள். அண்ணலாரும் கேட்டார்கள், நாமும் கேட்டோம். அவர்கள் முதல் பதிலோடு நின்றுவிடவில்லை, நாம் நின்றுவிட்டோம்.

இமாம் கஸ்ஸாலி (மறைவு: ஹிஜ்ரி 505 / 1111) தம் இஹ்யாவில் அழிவுக்கு இட்டுச்செல்லும் குணங்களைப் பேசும் பகுதியில், பதவி மோகத்துக்கும் முகஸ்துதிக்கும் ஒரு தனி நூலையே ஒதுக்கினார். மயக்கத்திலிருப்போரைப் பற்றிய நூலில், பள்ளிவாசல்களைக் கட்டிச் செங்கல்லில் தம் பெயரைப் பொறிப்போரையும் சேர்த்திருக்கிறார். பெயர் பொறிக்காமல் ஒரு தீனார் செலவிடச் சொன்னால் அவர்களுக்குக் கடினமாகிவிடும் என்பது அவர் கருத்து. அவர் காலத்துச் செங்கல்தான் நம் காலத்துக் கரும்பலகை. செல்வருக்குப் பெயர் எப்படியோ, தொண்டருக்கு இடம் அப்படி. காசு கொடுக்க இயலாதவர், அகப்பையைக் கொடுக்க மறுப்பதன் மூலம் தம் பெயரைப் பொறித்துக்கொள்கிறார்.

ஒழுங்கு இல்லாமல் வேலை நடக்காது, யாரேனும் தலைமை தாங்கத்தானே வேண்டும் என்பது நியாயமான மறுப்பு. தலைமை வேண்டும். ஆனால் தலைமைக்கு ஏணி தேவையில்லை என்பதை நம் மக்களே மெய்ப்பித்திருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நம் கடற்கரை ஊர்களின் ஜமாஅத்தார், மதம் பாராது உணவளித்தனர். உடல்களை அடக்கம் செய்தனர். 2015 சென்னைப் பெருவெள்ளத்தில் பள்ளிவாசல்கள் அனைவருக்கும் திறந்தன. 2020, 2021 கொரோனாக் காலத்தில் முஸ்லிம் தொண்டர்கள் எல்லாச் சமயத்தவரின் உடல்களையும் அவரவர் முறைப்படி அடக்கம் செய்ய உதவினர். பாதுகாப்பு உடைக்குள் இருந்தவர் யார் என்று பார்த்தவருக்குத் தெரியவில்லை. தெரிய வேண்டும் என்று அவர்களும் நினைக்கவில்லை. துயரம் பெரிதாக இருக்கையில் நாம் ஏணியை மறந்துவிடுகிறோம். கஞ்சி வரிசையின் கடைசியில் நிற்கும் பெண்ணின் ஏமாற்றம் அத்துணைப் பெரிதாக நமக்குத் தெரியாததே குறை.

செய்ய வேண்டியவை கடினமானவையல்ல. காதிஸிய்யாவில் பாங்கு சொல்வது யார் என்று போட்டி எழுந்தபோது, ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) சீட்டுக் குலுக்கித் தீர்த்ததாக ஒரு செய்தி உண்டு. அகப்பையையும் தேக்சாவையும் அவ்வாறே முறைவைத்து மாற்றலாம். சாவி வைத்திருப்பவர் வாரம் ஒருநாள் தேக்சா கழுவட்டும். கழுவுபவர் அன்று சாவி வைத்திருக்கட்டும். கூட்டத்தின் நேரம் அறிவிப்புப் பலகையில் எழுதப்படட்டும். யார் வீட்டுக்காயினும், வரிசையில் நிற்பவர்களுக்கு ஊற்றி முடித்த பிறகே வாளி வெளியே போகட்டும். நம்மைப் போன்ற ஆலிம்களின் அறைக்கும் இதே விதிதான். எல்லாவற்றுக்கும் மேலாக, நேற்று வந்து இன்று வராத தொண்டரைத் தேடிச் செல்லும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். முதல் பதிலோடு திரும்பாதவராக அவர் இருக்க வேண்டும்.

அந்த இளைஞரை மீண்டும் அழைத்துவர முயன்றோம். மஹல்லாப் பெரியவர்களிடம் பேசினோம். “தாராளமா வரட்டுமே, ஹஜ்ரத், நாங்க வேணாம்னா சொன்னோம்?” என்றார்கள். அவர்கள் சொன்னதும் பொய்யன்று. அவரோ சலாம் சொல்லி, துஆச் செய்யுங்கள் என்றதோடு நிறுத்திக்கொண்டார். இப்போதும் வேறு பள்ளிவாசலின் கடைசி வரிசையில் தொழுகிறார். தொழுகை முடிந்ததும் எழுந்து போய்விடுகிறார். அவருடைய துயரத்திற்கு நாளை மஹ்ஷரில் பதில் சொல்ல வேண்டியவர்களின் பட்டியலில் நம் பெயரும் இருக்கும் என்ற அச்சத்தோடுதான் இவ்வரிகளை எழுதுகிறோம். மேட்டிலிருந்து இறங்கி வரும் மனத்தையும், பொதுப்பாத்திரத்தில் பருகும் பணிவையும் அல்லாஹ் நமக்கு அருள்வானாக. ஆமீன்.